தண்ணிவண்டித் தெருவில் ஒரு நாற்காலி

மலாயாவில், கோல மெலந்தியில் படகிலிருந்து இறங்கி நிமிர்ந்தால் கண்ணில் படுகிற முதல் தெரு அதுதான். ஆற்றங்கரையில் தொடங்கிக் குன்றடியில் முடிகிற அந்தத் தெருவைச் சீனர்கள் தங்கள் மொழியிலும் மலாய்க்காரர்கள் தங்கள் மொழியிலும் தமிழர்கள் தங்கள் மொழியிலும் தண்ணிவண்டித் தெரு என்றே சொன்னார்கள். நகராட்சி மட்டும் எப்போதோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரக் கவர்னரின் பெயரை இரண்டு முனையிலும் பலகையில் எழுதி வைத்திருந்தது. அந்தப் பெயர் போட்டு வந்த கடிதம் எதுவும் உரியவர் கையில் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஈயமும் மிளகும் கப்பலேறிய காலத்தில் சீனர்கள் அங்கே வந்து, கீழே கடையும் மேலே வீடுமாகத் தோளோடு தோள் ஒட்டிக் கட்டிக்கொண்டார்கள், கடைக்கு முன்னால் ஐந்தடி அகலத்துக்கு நடைபாதை விட்டாக வேண்டும் என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டான், அவர்களும் மறுபேச்சில்லாமல் விட்டார்கள், விட்ட அந்த அஞ்சடியில் பல் பிடுங்குகிறவனும் செருப்புத் தைக்கிறவனும் ஊருக்குக் கடிதம் எழுதித் தருகிறவனும் உட்கார்ந்துகொண்டதால் நடக்க வந்தவர்கள் எல்லாரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். தெருவில் கிளம்பிய செம்புழுதி மருந்துக்கடை வேர்களிலும் கருவாட்டிலும் கோப்பியிலும் படிந்தது. அதை அடக்கக் காலையும் மாலையும் இரட்டை மாடு பூட்டிய பீப்பாய் வண்டி வந்து தண்ணீர் தெளித்துக்கொண்டு போனது. ஓட்டியவர்கள் தமிழர்கள். சீனத் தெருவுக்குத் தமிழன் தெளித்த தண்ணீரால்தான் பெயர் வந்தது என்பதை இரண்டு பக்கத்தாரும் ஒப்புக்கொள்வார்கள், வேறெதையும் அவர்கள் சேர்ந்து ஒப்புக்கொண்டதில்லை.

தெருவுக்கு ஒரு குணம் உண்டு. யார் வீட்டில் என்ன நடந்தாலும் எல்லாருக்கும் தெரியும், தெரிந்த மாதிரி ஒருவரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். கோப்பிக்கடை ஹோக் செங்குக்கு ஆற்று முனையில் ஒரு மனைவியும் குன்று முனையில் ஒரு மனைவியும் இருந்தார்கள். பத்தொன்பது வருஷம் தெருவே சேர்ந்து அந்த ஆளை இரண்டு வீட்டுக்கும் வேளை தவறாமல் அனுப்பி வைத்தது, ஒருத்தி மீன் வாங்க வந்தால் மற்றவள் அந்நேரம் வராதபடி கருவாட்டுக் கடைக்காரர் பார்த்துக்கொண்டார், அந்த மனிதர் செத்த அன்றுதான் இருவரும் முதல்முறையாகச் சந்தித்துக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்களுக்கும் ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்று பிற்பாடு தெரிந்தது.

தண்ணிவண்டியைக் கடைசியாக ஓட்டியவன் வீரபுத்திரன். அவன் பெண்டாட்டி தைலம்மை. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, ஜப்பான்காரன் வந்துவிட்டான். ஒரு நாள் பகலில் குன்றடிக் கொட்டகையில் இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்று தமுக்கடித்தார்கள். இருவரும் போனார்கள். விளக்கை அணைப்பதற்கு முன் வீரபுத்திரன் எழுந்து, தோளில் கிடந்த துண்டை உதறி நாற்காலியில் போட்டான்.

"எடத்தப் பாத்துக்க புள்ள. வெத்தல வாங்கிட்டு வந்துர்றேன்."

கொட்டகை வாசலில் லாரிகள் நின்றன. வெளியே வந்த ஆம்பிளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு அவை சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்விட்டன. உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ ஒருத்தர் அந்த நாற்காலியில் உட்கார வந்தபோது தைலம்மை, "ஆளு இருக்கு" என்றாள். படம் முடியும்வரை எட்டுப் பேரிடம் அதைச் சொன்னாள்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். காய்ச்சலில் கிடந்ததைப் பார்த்தேன் என்றான் ஒருவன், சயாம்காரியைக் கட்டிக்கொண்டு கடை வைத்திருக்கிறான் என்றான் இன்னொருவன். இரண்டையும் தைலம்மை கேட்டுக்கொண்டாள். பொட்டும் தாலியுமாக, கடலையும் பட்டாணியும் முறுக்கும் காகிதச் சுருளில் போட்டு விற்கிற கச்சான் வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தத் தெருவிலேயே இருபத்தைந்து வருஷம் ஓட்டினாள். பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கையில் துண்டு. கோயிலில் கூத்து என்றால் பக்கத்தில் துண்டு. துவைத்தால் அவன் வாசனை போய்விடும் என்று அதைத் துவைக்கவும் இல்லை. புதிதாக வந்தவன் எவனாவது அந்த இடத்தில் உட்காரப் போனால், கருவாட்டுக் கடைப் பையன்கள்கூடத் தமிழில், "ஆளு இருக்கு, ஆளு இருக்கு" என்று கத்துவார்கள். தெருவில் எல்லாச் சீனருக்கும் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான்.

சீனர்களின் ஏழாம் மாதத்தில் கீழுலகத்துக் கதவு திறக்கும். செத்தவர்கள் முப்பது நாள் லீவில் வருவார்கள். அவர்களுக்காகச் சீனர் சங்கம் தெரு முனையில் மேடை கட்டிக் கூத்து நடத்துவது வழக்கம், முன்வரிசை நாற்காலிகள் முழுதும் அவர்களுக்கு, உயிரோடிருக்கிறவர்கள் இரண்டாம் வரிசையிலிருந்துதான் உட்கார வேண்டும். இது அங்கே பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தைலம்மையும் வருஷா வருஷம் இரண்டாம் வரிசை ஓர நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு, பக்கத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு வியாபாரம் பார்ப்பாள்.

அவள் துண்டு போடத் தொடங்கிய இருபத்தைந்தாம் வருஷம், அந்த மாதத்துப் பதினைந்தாம் நாள் பகல் கூத்துக்கு முன்னால் ஒரு மழை அடித்தது. மேடைக்கு முன் தண்ணீர் தேங்கிவிட்டதால், பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற வைரக்கண்ணு முன்வரிசை நாற்காலிகளை அப்படியே தூக்கி ஓரமாக அடுக்கினார். இரண்டாம் வரிசை முதல் வரிசை ஆயிற்று. சங்கத்து ஆட்கள் வந்து அதன் முன்னால் ஊதுவத்தி ஏற்றினார்கள், ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்து அதில் கிடந்த குடை, விசிறி எல்லாவற்றையும் எடுத்தார்கள், ஓர நாற்காலிக்கு வந்ததும் அதில் கிடந்த துண்டைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்கள். தைலம்மையின் துண்டை அந்தத் தெருவில் யாரும் தொடுவதில்லை. தைலம்மை மழைக்குக் கடலையை மூடித் திறந்து விற்கிற அவசரத்தில் எதையும் கவனிக்கவில்லை.

கூத்து முடிந்து துண்டை எடுத்தபோதுதான், முன்னால் எரிந்து முடிந்த ஊதுவத்திக் குச்சிகளைப் பார்த்தாள். துண்டு ஈரமாக இருந்தது. மழை ஈரம் இல்லை. முகத்தருகில் கொண்டுபோனாள், வியர்வையும் மாட்டு வாடையும் அடித்தது. அதை அப்படியே மடித்து மடியில் செருகிக்கொண்டு, வண்டியைத் தள்ளி, யார் முகத்தையும் பாராமல் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வைரக்கண்ணு மற்ற நாற்காலிகளையெல்லாம் மடக்கி லாரியில் ஏற்றினார். ஓர நாற்காலி மட்டும் வரவில்லை. மடக்க முடியவில்லை, இழுக்க முடியவில்லை, நான்கு பேர் பிடித்துத் தூக்கியும் அசையவில்லை. வைரக்கண்ணு வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஆளு இருக்கு" என்றார். சுற்றி நின்ற சீனர்களுக்கு மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

மறுநாளிலிருந்து லாரிகள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போயின. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார், பொது வழியை மறிக்கிற நாற்காலியை நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒரு நோட்டீஸை அதன் முதுகில் ஒட்டினார், நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து வந்து தானே தூக்கிப் பார்த்தார், பிறகு அதைச் சுற்றி வெள்ளைக் கோடு போடச் சொல்லிவிட்டுப் போனார். வெயிலுக்கு யாரோ குடை கட்டினார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதன் எதிரே வரும்போது குனிந்து போனார்கள். நாலைந்து நாளில், அந்த நாற்காலி எப்போதும் அங்கேதான் இருந்தது என்பது போலத் தெரு அதற்குப் பழகிவிட்டது.

உட்கார்ந்திருப்பது யார் என்பதுதான் பேச்சு. மருந்துக்கடை முதலாளி கோ தவுக்கே, அது தன் அண்ணன் என்றார். அவருக்கு ஓர் அண்ணன் இருந்ததே தெருவுக்கு அன்றுதான் தெரியும். அண்ணனுக்கு இஞ்சிக் கஷாயம் வைத்துக் கும்பிட்டார், அண்ணன் எழுந்திருக்கவில்லை. கருவாட்டுக் கடையில் அது முப்பது வருஷம் அதே தெருவில் ஓடி ஒரு நாள்கூட உட்காராமல் செத்த ரிக்‌ஷாக்காரத் தாத்தா, இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறார், எழுப்பாதீர்கள் என்றார்கள். தையல்கடைக்காரி, ஊரார் பிள்ளைகளையெல்லாம் வளர்த்துத் தனக்கென்று பிள்ளை இல்லாமல் போன பெரியம்மா என்று சொல்லி வறுத்த வாத்தைப் படைத்தாள். ஈயச் சுரங்கத்தில் இறங்கியவன், அபின் கடையில் படுத்தவன், ஊருக்குக் கடிதம் எழுதி எழுதி ஊர் திரும்பாதவன் என்று தெருவின் நூறு வருஷத்துச் சாவும் வரிசையாக அந்த நாற்காலிக்குப் பாத்தியதை கொண்டாடியது. ஒவ்வொருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நாற்காலி யாருக்கும் அசையவில்லை.

தைலம்மை மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. வண்டியைப் பின்சந்து வழியாகத் தள்ளிக்கொண்டு போனாள். கோ தவுக்கேயின் அண்ணன் என்று கேள்விப்பட்டால் அன்று கொஞ்சம் சோறு இறங்கியது, ரிக்‌ஷாக்காரர் என்றால் நிம்மதியாக இருந்தது, யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று கறுப்பு மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அது முன்வரிசை. முன்வரிசையில் செத்தவர்கள்தான் உட்கார முடியும். தான் போட்ட துண்டில் வந்து உட்கார்ந்தவன் யார் என்று ஒப்புக்கொண்டால், இருபத்தைந்து வருஷமாக நெற்றியில் வைத்த பொட்டு பொய்யாகிவிடும். அது அவளுக்குப் பயமாக இருந்தது. ஆத்திரமாகவும் இருந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

இருபத்தேழாம் நாள் சங்கத்துச் சாமியாடி வந்து ஆடி, எல்லாரும் கேட்கும்படி சொன்னார். முப்பதாம் நாள் பொழுது சாய்ந்தால் கதவு மூடிவிடும். அதற்குள் எழுந்து போகாவிட்டால் இந்த ஆள் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. மழையிலும் வெயிலிலும் இந்த நாற்காலியிலேயே இருக்க வேண்டியதுதான்.

இருபத்தொன்பதாம் நாள் காலையில் தைலம்மை கிம் லான் கடைக்குப் போனாள். கிம் லான் செத்தவர்களுக்கு எரிக்கிற காகிதச் சாமான்கள் செய்கிறவள், காகித வீடு, காகிதச் சட்டை, காகிதக் கார் எல்லாம் அவள் கையில் வரும். இரண்டு பேரும் இருபது வருஷ அண்டை வீடு. தைலம்மையிடம் கற்றுக்கொண்டதால் கிம் லான் தைலம்மை மாதிரியே தமிழ் பேசுவாள். பழைய காகிதம் வாங்கிச் சுருள் சுற்றத்தான் தைலம்மை போனாள், அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடையின் உள்ளறையில், பலகை மறைவில், மூங்கில் குச்சியில் காகிதம் ஒட்டிய ஒரு வண்டி நின்றது. இரண்டு மாடு, ஒரு பீப்பாய், பீப்பாய்க்குப் பின்னால் துளை போட்ட குழாய்.

தைலம்மை ரொம்ப நேரம் அதையே பார்த்தாள்.

"யாரு செய்யச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"எப்ப செஞ்ச?"

"நாக்காலி நின்ன மூணாம் நாளு," என்றாள் கிம் லான், கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல். "வலது பக்கத்து மாட்டுக்கு ஒரு கொம்பு வளைஞ்சிருக்கும்னு நீதான முன்னாடி சொன்ன. சரியாருக்கா பாரு."

சரியாகத்தான் இருந்தது.

"ஒனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் தைலம்மா. துண்டு கெடந்தத எல்லாரும் பாத்தாங்க."

"அப்ப கோ தவுக்கேயோட அண்ணன்னு..."

"அவருக்கு ஏது அண்ணன்? அவருதான் வீட்டுக்கு மூத்த புள்ள." கிம் லான் இப்போது நிமிர்ந்தாள். "நீ பின்சந்துல போறத மொத நாளே பாத்துட்டோம். ஒனக்குப் பிடிக்கலன்னா அது வேற யாராச்சும் இருக்கட்டுமேன்னுதான். தையக்கடக்காரி பாவம், இல்லாத பெரியம்மாவுக்கு நெச வாத்து வாங்கினா."

தைலம்மை அங்கேயே, காகிதக் குப்பைமேல் உட்கார்ந்து அழுதாள். துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, வாயைத் திறந்து தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். தெருவுக்குக் கேட்டது. எதிர்க்கடைக்காரர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

முப்பதாம் நாள் பகல், மாத முடிவுக் கூத்து. மேடையைச் சங்கத்துக்காரர்கள் நாற்காலிக்கு எதிரே கட்டினார்கள், ஏனென்றால் நாற்காலியை மேடைக்கு எதிரே கொண்டுபோக முடியாது. முன்வரிசையில் வேறு நாற்காலி எதுவும் போடப்படவில்லை. உயிரோடிருக்கிறவர்கள் பத்தடி தள்ளி இரண்டாம் வரிசையிலிருந்து உட்கார்ந்தார்கள். மேளம் ஆரம்பித்தபோது தைலம்மை பின்சந்து வழியாக இல்லாமல் நேர்த் தெரு வழியாக நடந்து வந்தாள், கல்யாணத்துக்கு எடுத்த பச்சைச் சேலை, நெற்றியில் பொட்டு, தோளில் துண்டு. வைரக்கண்ணு ஒரு நாற்காலியை எடுத்து வந்து, வெள்ளைக் கோட்டுக்குள், அந்த நாற்காலியின் பக்கத்தில் விரித்தார். உயிரோடு ஒருத்தி முன்வரிசையில் உட்கார்வது அந்த ஊரில் நடந்ததே இல்லை. யாரும் தடுக்கவில்லை.

தைலம்மை உட்கார்ந்தாள். மேடையில் ஒரு ராணி யாருக்காகவோ பாடிக்கொண்டிருந்தாள். தைலம்மை பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"வெத்தல வாங்க இம்புட்டு நேரமா?"

பிறகு திட்டினாள். இருபத்தைந்து வருஷத்துத் திட்டு, மாடுகளை விற்ற கதை, அரிசி கிடைக்காத வருஷம், கூரை ஒழுகியது, காய்ச்சலில் தனியாகக் கிடந்தது, பஸ்ஸில் துண்டு போட்டதற்குச் சண்டைக்கு வந்த பஞ்சாபிக்காரன், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பெயரை மட்டும் சொல்லவில்லை, புருஷன் பெயரைச் சொல்லுகிறவள் இல்லை அவள். மேளக்காரர்கள் மெதுவாக அடித்தார்கள். கதைப்படி இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய கூத்து, அவள் திட்டி முடிக்கவில்லை என்பதால் மூன்று மணி நேரம் நடந்தது. ராணி பாடிய பாட்டையே திரும்பப் பாடினாள்.

நடுவில் தைலம்மை திட்டுவதை நிறுத்தினாள். மடியிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்துக் கடலையைக் கொறித்தாள், மீதிப் பாதியைச் சுருளோடு பக்கத்து நாற்காலியில் வைத்தாள். மேடையைப் பார்த்தாள். ராஜா வந்து ராணியின் கையைப் பிடித்தபோது சிரித்தாள். அன்றைக்குக் கொட்டகையில் ஓடிய படத்தில் என்ன கதை என்று அவளிடம் யார் கேட்டாலும் சொல்லத் தெரியாது, வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள்.

வெயில் குன்றுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியபோது மேளம் நின்றது. தைலம்மை எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"முடிஞ்சிருச்சு. எந்திரிங்க, போவலாம்."

வைரக்கண்ணு குனிந்து நாற்காலியை ஒற்றைக் கையால் தூக்கினார். அது வந்துவிட்டது. இருக்கையில் கடலைச் சுருள் காலியாகக் கிடந்தது.

தைலம்மை வீட்டைப் பார்த்து நடந்தாள். அஞ்சடியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும், பல் பிடுங்குகிறவரும் செருப்புத் தைக்கிறவரும்கூட, பெட்டியையும் முக்காலியையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நூறு வருஷத்தில் முதல்முறையாக அந்த நடைபாதையில் இரண்டு பேர் ஒன்றாக நடக்க இடம் இருந்தது. அவள் சுவரோரமாகவே நடந்தாள்.

மறுநாள் காலையில் மாரியம்மன் கோயில் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் நான்கு பேர், ஒரு வெள்ளைச் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வந்து நின்றார்கள். தைலம்மை கச்சான் வண்டிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் நேற்றைவிடப் பெரிய பொட்டு.

"தைலம்மக்கா, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல..." என்றாள் அவர்களில் மூத்தவள்.

"போனவருக்குத்தான் முறையெல்லாம். எங்க வீட்டுக்காரரு நேத்து வந்துட்டாரே. வந்தவருக்கா பொட்டழிப்பாங்க?"

சொல்லிவிட்டு ஆளுக்கொரு சுருள் கடலை கொடுத்தாள். அவர்கள் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். மாடி ஜன்னலிலிருந்து தெருவுக்கு மேலே நீட்டியிருந்த மூங்கில் கழியில், இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாகத் துவைத்த ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி, கீழே தெருப் புழுதி அடங்கியிருந்தது.